ஹவுராவில் வாழ்ந்த பெரியோர்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழருக்கு ஹவுரா என்னும் பெயர் புதிதன்று. சென்னையிலிருந்து வங்கம் நோக்கிச் செல்லும் அஞ்சல் வண்டியின் பலகையில் எழுதப்பெற்ற பெயர் அது. ஓர் இரவும் ஒரு பகலும் ஓடிக் களைத்த வண்டி ஹவுரா நிலையத்தில் வந்து நின்றதும், நாம் மூட்டை முடிச்சுகளை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறோம். இரும்புப் பாலத்தைக் கடக்கிறோம். கொல்கத்தா மாநகரின் கூட்டத்தில் கலந்துவிடுகிறோம். பாலத்துக்கு இப்பால் ஓர் ஊர் இருக்கிறது, அங்கே அறிஞரும் கலைஞரும் துறவியரும் வாழ்ந்திருக்கின்றனர் என்னும் எண்ணம் நமக்கு எழுவதில்லை. ஹவுராவை நாம் வாயில் என்றே அறிவோம். வீடு என்று அறிந்தவர் சிலரே. அவ்வீட்டில் வாழ்ந்த பெரியோர் சிலரை இன்று நினைவுகூர்வோம்.

ஹவுரா, ஹூக்ளி ஆற்றின் மேல்கரையில், கொல்கத்தாவுக்கு நேர் எதிரே அமைந்த நகரம். 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் கிழக்கிந்திய ரயில்வேயின் முதல் பயணி வண்டி இங்கிருந்து ஹூக்ளி நகருக்குப் புறப்பட்டது. 1874-இல் ஆற்றின்மீது மிதவைப் பாலம் அமைந்தது. ஏறத்தாழ 26,500 டன் எஃகினால் ஆன இன்றைய பெரும்பாலம் 1943-ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பெற்றது. 1965-இல் அதற்கு இரவீந்திர சேது எனப் பெயரிட்டனர். 1992-இல் வித்தியாசாகர் சேது எழுந்தது. 2024-இல் ஆற்றின் அடியிலேயே சுரங்க ரயிலும் ஓடத் தொடங்கியது. ஆற்றைக் கடக்கும் வசதி பெருகப் பெருக, இக்கரையில் நின்று பார்க்கும் வழக்கம் குறைந்தது எனலாம். வார்ப்படச் சாலைகளும் சணல் ஆலைகளும் நிறைந்த தொழில் நகரம் என்பதற்கு மேல் ஹவுராவைப் பற்றிப் பேசுவார் அரியர்.

ஹவுராவின் பெரியோரை ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினால், ஓர் உண்மை நம் கண்முன் நிற்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் அவ்வூரில் பிறந்தவர் அல்லர். எங்கிருந்தோ வந்தனர்; சில ஆண்டுகள் வாழ்ந்தனர்; அவ்வாண்டுகளில் அவர்கள் பெற்றதும் ஆற்றியதும் ஊரின் பெருமையாய் நிலைத்தன. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் வாழும் நமக்கு இதனினும் வேண்டிய செய்தி வேறொன்று இல்லை.

முதலில் சிவபூருக்குச் செல்வோம். வங்காளியர் நாவில் ஷிப்பூர் என ஒலிக்கும் இப்பகுதி ஹவுராவின் தென்புறம் ஆற்றோரமாக அமைந்தது. இங்கே 270 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் இந்தியாவின் புகழ்பெற்ற தாவரத் தோட்டம் இருக்கிறது. 2009 முதல் அது ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1787-இல் இதனைத் தோற்றுவித்தவர் ராபர்ட் கிட் என்னும் படைத்துறை அலுவலர். ஷாலிமார் என்னும் இடத்தில் அவருடைய வீடும் சொந்தத் தோட்டமும் இருந்தன. 1770-ஆம் ஆண்டின் கொடும் பஞ்சத்தில் வங்க மக்கள் மடிந்தது அவர் நெஞ்சை உறுத்தியது. மலாய் நாட்டுச் சவ்வரிசிப் பனை, பாரசீகத்துப் பேரீந்து போன்ற உணவு மரங்களை இங்கே வளர்த்து மக்களுக்குக் கொடுத்தால் பஞ்சத்தின் கொடுமை தணியும் என்று எண்ணிக் கம்பெனியாருக்கு எழுதினார். சென்னைக்குச் செல்லும் கோரமண்டல் விரைவு வண்டி 2022 முதல் இந்த ஷாலிமாரிலிருந்துதான் புறப்படுகிறது. பஞ்சத்துக்கு மருந்து தேடிய ஒருவர் வாழ்ந்த இடம் அது என்பதை அங்கு வண்டி ஏறும் தமிழர் அறிந்துகொள்ளுதல் நன்று.

கிட் 1793-இல் மறைந்தபின் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றவர் வில்லியம் ராக்ஸ்பர்க். ஸ்காத்துலாந்தில் பிறந்த இவர், வங்கத்துக்கு வருமுன் நம் சென்னை மாகாணத்தில் பல்லாண்டுகள் மருத்துவராகப் பணியாற்றியவர். கோதாவரிப் பகுதியில் சாமல்கோட்டையில் தங்கி மிளகு முதலிய பயிர்களை வளர்த்துப் பார்த்தவர். செடிநூலில் அவருக்குத் துணையாக வாய்த்தவர் கோனிக் என்னும் அறிஞர். அவரோ நம் தரங்கம்பாடியில் மருத்துவராக வந்து அமர்ந்து, அக்கரையோரச் செடிகளை ஆராய்ந்தவர். சோழமண்டலக் கரையின் செடிகளைப் பற்றி ராக்ஸ்பர்க் தொகுத்த பெருநூலின் முதற் பகுதி 1795-இல் வெளிவந்தது. 1813 வரை இருபது ஆண்டுகள் அவர் சிவபூரில் வாழ்ந்தார். அவர் வாழ்ந்த மாளிகை ஆற்றங்கரையில் இன்றும் நிற்கிறது.

அங்கே இந்திய ஓவியர்களை அமர்த்தி, 2,500-க்கும் மேற்பட்ட செடிகளைத் தத்தம் நிறத்தோடும் உறுப்போடும் அவர் வரைவித்தார். உலகெங்கும் செடிநூலார் இவ்வோவியங்களைப் போற்றுகின்றனர். ஆனால் அவற்றை வரைந்த கைகளுக்கு உரியவர் யாவர்? அவர்களுள் மிகப் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஹவுராவின் பெரியோர் வரிசையில் அப்பெயரிலிகளுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

தோட்டத்தில் ஓர் ஆலமரம் இருக்கிறது. வயது 250-க்கு மேல். 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் பெரும்புயல்களில் அதன் கிளைகள் முறிந்தன. காயம்பட்ட இடத்தில் பூஞ்சணம் புகுந்தது. நடுமரம் அழுகிப் போகவே, 1925-இல் அதனை அகற்றிவிட்டனர். மரமோ சாகவில்லை. அரைக் கிலோமீட்டரை நெருங்கும் சுற்றளவில் ஆயிரக்கணக்கான விழுதுகளின்மேல் அது தழைத்து நிற்கிறது. ஆலமரத்தை விழுது தாங்கும் என்று நாம் ஊரில் பேசிக்கொள்ளும் வழக்கு இங்கே கண்கூடாகக் காட்சியளிக்கிறது.

தோட்டத்துக்கு அருகில் 1820-ஆம் ஆண்டில் பிஷப் கல்லூரி என்னும் கிறித்துவக் கல்லூரி நிறுவப்பெற்றது. 1844-இல் அங்கே இருபது வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். செல்வர் மகன், ஆங்கிலக் கவிதையில் மயங்கியவர், முந்திய ஆண்டில்தான் கிறித்துவ நெறியைத் தழுவியதால் இந்துக் கல்லூரியில் படிப்பைத் தொடர முடியாமல் போனவர். அவரே பிற்காலத்தில் வங்க மொழியின் மாகவியாகப் போற்றப்பெற்ற மைக்கேல் மதுசூதன தத்தர். சிவபூர்க் கல்லூரியில் அவர் கிரேக்கமும் இலத்தீனும் வடமொழியும் பயின்றார். தந்தை பொருளுதவியை நிறுத்திவிட்டார். உற்றார் கைவிட்ட நிலையில், வேலை தேடி அவர் சென்றது எங்கே? நம் சென்னைப் பட்டணத்துக்கு.

1848-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை வந்து சேர்ந்த மதுசூதனர், அநாதைப் பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார், பத்திரிகைகளில் எழுதினார், 1849-இல் ஓர் ஆங்கிலக் காவியத்தை நூலாக வெளியிட்டார். அந்நூலைக் கல்கத்தாவில் கல்விப் பணியில் முன்னின்ற பெத்தூன் துரை படித்தார். இத்துணைத் திறன் உடையவர் தம் தாய்மொழியில் எழுதினால் நாட்டுக்கு எவ்வளவு நன்மை விளையும் என்று அவர் கூறிய அறிவுரை, நண்பர் கௌரதாசர் வாயிலாகச் சென்னைக்கு எட்டியது. மதுசூதனர் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்று அவர் நாள்தோறும் படிக்கும் முறையை விளக்குகிறது: காலையில் எபிரேயம், பிறகு பள்ளி வேலை, நண்பகலில் கிரேக்கம், பின்பு தெலுங்கும் வடமொழியும், மாலையில் இலத்தீன், இரவில் ஆங்கிலம். இவ்வளவும் தம் முன்னோர் மொழியை அணிசெய்வதற்கான ஆயத்தமே என்று அவர் நண்பருக்குத் தெரிவித்தார்.

அன்பர்களே, இச்செய்தியை நாம் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வங்கத்தில் இருந்தபோது ஆங்கிலத்தையே பெரிதென்று எண்ணிய ஒருவர், வேற்று மொழி வழங்கும் சென்னையில் வாழ்ந்தபோதுதான் தாய்மொழியின் பக்கம் திரும்பினார். பிரிவு சிலருக்கு மறதியைத் தருகிறது. சிலருக்கு நினைவைத் தருகிறது. 1856-இல் கல்கத்தா திரும்பிய மதுசூதனர், 1861-இல் மேகநாத வதம் என்னும் காவியத்தை வெளியிட்டார். மேகநாதன் என்பவன் நாம் கம்பனில் காணும் இந்திரசித்தே. நிகும்பலையில் வேள்வி செய்யப் புகுந்த அவ்வீரனையும், மகனை இழந்த இராவணனையும் இரக்கத்தோடு நோக்கி, அவர்கள் பக்கம் நின்று பாடிய காவியம் அது. எதுகைத் தளையை அறுத்த புதிய யாப்பும் அதனோடு வங்கத்தில் வேரூன்றியது.

1880-இல் பிஷப் கல்லூரி கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது. அது விட்டுச் சென்ற சிவபூர் வளாகத்தில் அரசினர் பொறியியல் கல்லூரி வந்து அமர்ந்தது. பின்னர் வங்கப் பொறியியல் கல்லூரி எனப் பெயர் பெற்ற அந்நிறுவனம், 2014 முதல் தேசியச் சிறப்புவாய்ந்த பொறியியல் நிறுவனமாய் விளங்குகிறது. கவிஞர் உலவிய மண்ணில் கணக்கும் கருவியும் குடியேறின. ஆயினும் கலை அங்கிருந்து ஓடிப்போய்விடவில்லை. பாதல் சர்க்கார் என்னும் நாடகாசிரியர் இக்கல்லூரியில்தான் கட்டடப் பொறியியல் பயின்றார். 1963-இல் அவர் எழுதிய நாடகத்தின் பெயர் 'ஏவம் இந்திரஜித்'. அமலன், விமலன், கமலன் என்று ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற நடுத்தர மக்களுக்கு நடுவே, அவர்களைப்போல் இராமல் வேறொன்றாக இருக்க விழைந்து தவிக்கும் இந்திரஜித்தின் கதை அது. மதுசூதனரின் இந்திரசித்து இலங்கையில் போரிட்டான்; பாதல் சர்க்காரின் இந்திரஜித்து அலுவலக மேசையின் முன் போரிட்டான். நூறாண்டு இடைவெளியில் ஒரே வளாகத்தில் பயின்ற இருவர் இரண்டு இந்திரசித்துகளைப் படைத்தது வியப்புக்குரிய பொருத்தமாகும்.

பாதல் சர்க்கார் பின்னாளில் மேடையையும் திரையையும் விட்டு இறங்கி, பூங்காவிலும் தெருவிலும் மக்கள் நடுவே நாடகம் ஆடினார். 1980-இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் அவர் நடத்திய நாடகப் பயிற்சி, தமிழகத்தின் வீதி நாடகத்துக்கு ஊக்கம் அளித்தது. 2011-இல் அவர் மறைந்தார்.

அதே கல்லூரியில் பயின்ற மற்றொருவர் டாக்கா பகுதியைச் சேர்ந்த பஸ்லூர் ரஹ்மான் கான். 1950-ஆம் ஆண்டுக் கலவரங்களால் சிவபூரில் படிப்பை முடிக்க இயலாமல் டாக்காவுக்குத் திரும்பி, அங்கே பட்டம் பெற்று, பின் அமெரிக்கா சென்றார். வானளாவிய கட்டடத்தின் புறச்சுவரையே ஒரு குழாய்போல் அமைத்து, காற்றின் விசையை அதனால் தாங்கச் செய்யும் முறையை அவர் வகுத்தார். 442 மீட்டர் உயரமுள்ள சிக்காகோவின் சியர்ஸ் கோபுரம் அம்முறையில் எழுந்தது; 1970-களின் நடுவிலிருந்து 1998 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடமாய் அது திகழ்ந்தது. பாதியில் விட்டுப் போக நேர்ந்த ஊரும் ஒருவருக்கு ஏதோ ஒன்றைக் கொடுத்தே அனுப்புகிறது.

சிவபூரை விட்டு வடக்கே ஆற்றோரமாகச் செல்வோமானால் பேலூரை அடைவோம். கர்நாடகத்துப் பேலூர் வேறு. இது ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர். விவேகானந்தர் கல்கத்தாவில் பிறந்தவர். 1893-இல் அவர் சிக்காகோ செல்வதற்குச் சென்னையில் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்னும் பள்ளி ஆசிரியர். 1897 ஜனவரியில் தாயகம் மீண்ட சுவாமிகள் முதலில் அடிவைத்தது பாம்பனில். அவ்வாண்டிலேயே தம் துறவுத் தோழர் ராமகிருஷ்ணானந்தரைச் சென்னைக்கு அனுப்பினார். தமிழரின் அன்பு அவருக்குப் பழகிய ஒன்று. ஆனால் தங்குவதற்கு ஒரு நிலையான இடம் அவருக்கும் துறவுத் தோழருக்கும் 1898 வரை வாய்க்கவில்லை. பழைய வாடகை வீடுகளில் மாறி மாறி இருந்தனர். 1898-இல் பேலூரில் நீலாம்பர முகர்ஜி என்பாரின் தோட்ட வீட்டில் குடிபுகுந்தனர். அருகே நிலம் வாங்கினர். அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள், குருநாதரின் எச்சம் அடங்கிய பேழையைத் தம் தோளிலேயே சுமந்து சென்று விவேகானந்தர் புதிய நிலத்தில் நிறுவினார்.

ஊர் அவர்களை உடனே ஏற்றுக்கொண்டதா? அதுதான் இல்லை. பாலி நகராட்சி, மடத்தைத் தனி மனிதர் ஒருவரின் தோட்ட வீடாகவே கருதி வரி விதித்தது. மடத்தார் வழக்காடித்தான் விலக்குப் பெற்றனர். உலகம் போற்றிய துறவியும் வந்து குடியேறிய ஊரில் தாம் யார் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. வேற்றூரில் வீடு தேடி, அட்டை தேடி, முகவரிச் சான்று தேடி அலைந்த நம் அன்பர்கள் இச்செய்தியைக் கேட்டுப் புன்னகை செய்யலாம்.

மடத்து நிலத்தைத் திருத்தும் வேலைக்குச் சந்தால் பழங்குடி மக்கள் வந்திருந்தனர். உடல்நலம் குன்றியிருந்த இறுதி ஆண்டுகளில் விவேகானந்தர் அவர்களோடு அமர்ந்து அவர்தம் துன்பக் கதைகளைக் கேட்பார். ஒருநாள் அவர்களுக்கு விருந்து சமைப்பித்துத் தாமே முன்னின்று உண்பித்தார் என்று சீடர் ஒருவர் எழுதி வைத்துள்ளார். 1902-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பேலூரிலேயே அவர் மறைந்தார். இன்று காணும் கோயில் 1938-இல் எழுந்தது.

1898-இல் இங்கே வந்து தீட்சை பெற்றவர் அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள். சகோதரி நிவேதிதை என்று நாம் அவரை அறிவோம். கல்கத்தாவில் அவரைக் கண்டு உரையாடிய நம் சுப்பிரமணிய பாரதியார், அவரையே குருமணியாகக் கொண்டு, 1908-இல் வெளியிட்ட 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவருக்குக் காணிக்கையாக்கினார். பேலூர் ஆற்றங்கரையில் ஏற்றிய விளக்கிலிருந்து எட்டயபுரத்துக் கவிஞரின் உள்ளத்துக்கும் ஒளி வந்தது.

இனி, தமிழர் தம் வீட்டுப் பெயர்போல் அறிந்த ஒருவரைக் காண்போம். சரத்சந்திர சட்டோபாத்யாயர் 1876-இல் ஹூக்ளி மாவட்டத்துத் தேவானந்தபூரில் பிறந்தார். பீகாரின் பாகல்பூரில் தாய்வழி உறவினர் வீட்டில் வளர்ந்தார். 1903-இல் பிழைப்புத் தேடி ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார். அங்கே கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகப் பதின்மூன்று ஆண்டுகள். கொள்ளை நோய் அவர் மனைவியையும் குழந்தையையும் கொண்டு சென்றது. 1912-இல் வீடு தீப்பற்றி எரிந்து, எழுதி வைத்திருந்த கையெழுத்துப் படிகளும் தீட்டிய ஓவியங்களும் சாம்பலாயின. தமிழரும் தெலுங்கரும் வங்காளியரும் பர்மியரும் நெருங்கி வாழ்ந்த ரங்கூனில், தொழிலாளர் குடியிருப்புகளின் இன்ப துன்பங்களை அவர் அருகிருந்து கண்டார். பர்மாவிலிருந்து திரும்பிய நம் உறவினர் வாய்மொழியாகக் கேட்ட வாழ்வு அது.

1916-இல் உடல் நலிந்து தாயகம் மீண்ட சரத்சந்திரர், பிறந்த ஊருக்குச் செல்லவில்லை. ஹவுராவின் பாஜே சிவபூரில் வாடகை வீட்டில் அமர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே 'தேவதாஸ்', 'சரித்திரஹீன்', 'ஸ்ரீகாந்த'னின் முதற் பாகம் ஆகியவை நூல்களாக வெளிவந்தன. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்து எழுதினார். எழுத்தோடு நின்றாரும் அல்லர். 1921 முதல் 1936 வரை ஹவுரா மாவட்டக் காங்கிரசின் தலைவராகப் பணிபுரிந்தார். ரங்கூனைக் களமாகக் கொண்ட 'பதேர் தாபி' நாவல் 1926-இல் நூலாயிற்று; ஆங்கில அரசு மறு ஆண்டிலேயே அதற்குத் தடை விதித்தது. வந்தேறிய ஊரின் மக்கள், தங்கள் மாவட்டத்தின் பொதுப்பணிக்கே தலைமை தாங்குமாறு அவரை முன்னிறுத்தினர் என்பது இங்கே கருதற்குரியது.

பின்னர் அவர் ஹவுரா மாவட்டத்திலேயே, ரூப்நாராயண் ஆற்றங்கரையில் சாம்தாபேர் என்னும் சிற்றூரில் பர்மியப் பாணியில் ஒரு வீடு கட்டிக்கொண்டு குடிபெயர்ந்தார். வாழ்வின் கடைசிப் பகுதி பெரும்பாலும் அங்கேயே கழிந்தது. 1938 ஜனவரி 16-இல் கல்கத்தாவில் காலமானார். த. நா. குமாரஸ்வாமி, அ. கி. ஜயராமன் முதலியோரின் உழைப்பால் வங்க நாவல்கள் தமிழ்நாட்டு இல்லங்களில் புகுந்தன. சரத்சந்திரரைத் தமிழ் எழுத்தாளரென்றே எண்ணிப் படித்த தாய்மாரும் உண்டு. 1953-இல் நாகேசுவர ராவும் சாவித்திரியும் நடித்த 'தேவதாஸ்' படத்துக்குத் தமிழகம் கண்ணீர் சிந்தியது. ஹவுராவை விட்டுச் சென்னைக்குச் செல்லும் வண்டி, தேவுல்ட்டி என்னும் சிறு நிலையத்தைத் தாண்டியதும் ஓர் அகன்ற ஆற்றைக் கடக்கும். அதுவே ரூப்நாராயண். சரத்சந்திரரின் வீடு அந்நிலையத்திலிருந்து தொலைவில் இல்லை. நம்மில் எத்தனை பேர் அப்பாலத்தை உறங்கிக்கொண்டே கடந்திருக்கிறோம்!

ஹவுரா மண்ணின் மக்களிலும் பெரியோர் உண்டு. 'அன்னதா மங்கலம்' பாடிய பாரதசந்திரர், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றைய ஹவுரா மாவட்டப் பகுதியில் பிறந்தவர். ஆனால் புகழ் பெற்றது நதியா அரசரின் அவையில். 1924-இல் ஹவுராவில் பிறந்த சைலேன் மன்னா, ஹவுரா யூனியன் கழகத்தில் பந்தாடத் தொடங்கி, மோகன் பகான் அணியின் தூணாய் விளங்கினார். 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில், நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடிய ஆட்டத்தில், சாரங்கபாணி ராமன் இந்தியாவுக்காக ஒரு கோல் அடித்தார். பிரான்சு 2-1 என்று வென்றது. இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு தண்ட உதைகளும் வீணாயின. அவற்றுள் ஒன்று மன்னாவினுடையது. மூன்று ஆண்டுகள் சென்றபின், 1951-இல் புது தில்லியில் நிகழ்ந்த முதல் ஆசிய விளையாட்டில் அதே மன்னாவின் தலைமையில் இந்தியா ஈரானை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. வார்ப்படச் சாலைகளின் ஊர் அவரைத் தன் மகனென்று இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. 2012-இல் அவர் மறைந்தார்.

அன்பர்களே, இவ்வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். ஸ்காத்துலாந்திலிருந்து சென்னை வழியாக வந்தவர் ஒருவர். சிவபூரில் பயின்று சென்னைக்குப் போய்த் தாய்மொழியைக் கண்டெடுத்தவர் ஒருவர். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்தவர் ஒருவர். அயர்லாந்திலிருந்து வந்தவர் ஒருவர். ரங்கூனிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர் ஒருவர். இவர்களுள் எவரும் ஹவுராவில் பிறந்தவர் அல்லர். ஆயினும் இவர்களை நீக்கிவிட்டால் ஹவுராவின் வரலாற்றில் எஞ்சுவது எவ்வளவு? நடுமரம் போனபின்னும் விழுதுகளால் நிற்கும் சிவபூர் ஆலமரமே அவ்வூருக்கு நல்ல உவமை.

நம்மில் ஒரு வழக்கம் உண்டு. முப்பது ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்தபின்னும், "இது நம் ஊரா என்ன?" என்று சொல்லிவிடுகிறோம். அப்பேச்சில் சொந்த ஊரின்மீது கொண்ட அன்பு இருக்கிறது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அதனைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளின் நிலை என்ன? அவர்கள் விடுமுறையில் மட்டும் காணும் ஊரைத் தம்முடையதென்று சொல்ல முடிவதில்லை. நாள்தோறும் வாழும் ஊரைத் தம்முடையதென்று சொல்லப் பெற்றோர் விடுவதில்லை. இரண்டு ஊர் உடையவராய் இருக்க வேண்டியவர் ஓர் ஊரும் இல்லாதவர் ஆகின்றனர். இது சிறிய இழப்பன்று.

இதற்கு மாற்று நம் கையில் இருக்கிறது. மதுசூதனரும் சரத்சந்திரரும் காட்டிய வழி இரண்டு கூறுகளை உடையது. தம் மொழியை விடாமை ஒன்று. வாழும் ஊரின் வாழ்வில் கலத்தல் மற்றொன்று. ஒன்றை இழந்தால்தான் மற்றொன்றைப் பெறலாம் என்பது வீண் அச்சம். வீட்டில் தமிழ் பேசுவோம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்போம். அதனோடு வாழும் ஊரின் மொழியையும் பிழையறப் பேசக் கற்போம். அதன் பெரியோர் யாவர் என்று அறிவோம். தெருவின் நன்மை தீமைகளில் பங்கு கொள்வோம். ஹவுராவிலும் கொல்கத்தாவிலும் வாழ்வோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைச் சிவபூர்த் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம். தரங்கம்பாடிக்கும் அத்தோட்டத்துக்கும் உள்ள உறவைச் சொல்லலாம். மற்றொரு நாள் தேவுல்ட்டியில் இறங்கி, சரத்சந்திரரின் வீட்டைக் காட்டலாம். நாகபுரியிலோ ஜாம்ஷெட்பூரிலோ மும்பையிலோ வாழ்வோர், தத்தம் ஊரில் வந்து வாழ்ந்து மறைந்தவர் யாவர் என்று விசாரித்தறியலாம். எந்த ஊரும் வெறுங்கையோடு இருப்பதில்லை.

ஒருவர் எங்கே பிறந்தார் என்பது அவர் கையில் இல்லை. வாழும் ஊரில் அவர் எதனை விட்டுச் செல்கிறார் என்பது ஓரளவேனும் அவர் கையில் இருக்கிறது. பெருங்காவியமாகவோ பெரிய மடமாகவோ அஃது இருக்க வேண்டுவதில்லை. பெயர் தெரியாத ஓவியர் வரைந்த ஓர் இலையாகவும் இருக்கலாம். செம்மையாக வரைந்திருந்தால் அவ்விலை இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் வாடாமல் இருக்கிறது.